புளியமரம் இல்லாத கோடு

அரியலூரில் கூடைப்பந்து ஆடித் தோற்றுவிட்டு, பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பள்ளிப் பெண்கள் வந்தார்கள்.

“தோத்ததுக்கு அந்தப் புளியமரம்தான்டி காரணம்.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அங்க ஏதுடி மரம்?”

“நம்ம ஸ்கூல்ல. கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி மரம் நிக்கிறதால, வெளியில இருந்து பந்த ஆட்டத்துக்குள்ள எறியுறப்ப ஒரே இடத்துல நின்னு பழகிட்ட. இன்னைக்கு அவளுங்க அஞ்சு பேரும் ஏறி வந்து மறிச்சதும் செலயா நின்னுட்ட. அவளுங்க கூடை போட்டா, நீ கோட்டுக்குப் பின்னாடியே ஓடலாம்டி. எவ காலியா நிக்கிறாளோ அவளுக்குப் போடலாம்.”

“நெசமாவா? நாளைக்கும் தோத்தா டீமே கெடயாதுன்னுட்டாரே சார்.”

“அப்ப ஓடு.”

குன்னத்தில் இறங்கினார்கள். பையைப் பந்துபோல் பிடித்துக்கொண்டு, சிலையாக நின்றவள் ரோட்டோரமாகப் பக்கவாட்டில் ஓடினாள். பாதியில், எதிரில் மரம் இருப்பதுபோல் நின்றாள்.

பிறகு அதன் ஊடாகவே ஓடினாள்.