இரும்பு மழை

சனிக்கிழமை காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில், ஆட்டுக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். உயரமானவர் திடீரென்று சொன்னார்.

"அங்க இரும்பே மழையாப் பெய்யுதாம் லா."

"எங்க?" என்றார் நண்பர்.

"வேற ஒரு நட்சத்திரத்தைச் சுத்துற கிரகத்துல. பகல் பக்கம் இரும்பு ஆவியாப் போகுது, ராத்திரிப் பக்கம் மழையா விழுது. கவிதா சொன்னா."

"மகளா? நீங்கதான் அவகூட பேசுறதே இல்லையே."

"எட்டு மாசமாப் பேசல. டாக்டர் படிப்பைப் பாதியில விட்டுட்டு வானத்தைப் பத்திப் படிக்கிறேன்னா கோபம் வராதா? சண்டை போட்டுட்டு பிடோக்ல சித்தி வீட்டுக்குப் போயிட்டா."

"அப்புறம்?"

"நேத்து போன் பண்ணா. 'அப்பா, செம்பவாங்ல அத்தனை வருஷம் கப்பல் வெல்டிங் பண்ணீங்களே, இரும்பு உருகிச் சொட்டுறப்போ எப்படிப்பா இருக்கும்? நான் படிச்சிருக்கேன், பார்த்ததில்ல'ன்னா. வெள்ளையா விழுந்து சிவப்பாகிக் கறுக்கும்னேன். புகை தொண்டையில நிக்கும்னேன். ஒரு மணி நேரம் கேட்டா. என் வேலையைப் பத்தி வீட்டுல யாருமே கேட்டதில்லய்யா..."

நண்பர் அவர் தோளில் கை வைத்தார்.

"படிப்பைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்குச் சாப்பிட வர்றியான்னு கேட்டேன். வர்றேன்னுட்டா."

அவர் முறை வந்தது. கடைக்காரர், "வழக்கம்போல அரைக் கிலோவாண்ணே?" என்றார்.

"ஒரு கிலோ போடுங்க. நெஞ்செலும்பு நிறைய இருக்கட்டும், மகளுக்குப் பிடிக்கும்."