மணி அடிக்காத மழை

இல்ல தம்பி, என் மக இன்னும் வரல. தெருவுல ஒரு கதவு விடாம தட்டித் தட்டிப் பேசிக்கிட்டு இருப்பா. பதினோரு வயசு தான், ஆனா வாய் மட்டும் ஊரையே வித்துட்டு வந்துடும். நீங்க உக்காருங்க. டாக்டரை விட்டுட்டு உங்க கப்பல் கிளம்பிடாதுல்ல? அப்புறம் என்ன அவசரம்.

அந்த நாற்காலியை இழுக்காதீங்க, தரையோட திருகி வச்சது. இங்க எல்லாமே அப்படித்தான். இந்த வீட்டுல இடம் விட்டு இடம் நகர்றது நானும் என் வாலும் மட்டும் தான்.

எங்க சலவைக்கூடத்துல ரெண்டு நாளா உங்க பேச்சு தான். பின்ன என்ன, எங்க பாட்டனுக்குப் பாட்டன் பூமியை விட்டுப் பொறப்பட்ட பயணம் இது. நாங்க வழியிலயே பொறந்து, வழியிலயே கல்யாணம் கட்டி, வழியிலயே போய்ச் சேர்ற ஆளுங்க. நீங்க என்னடான்னா நேத்து கிளம்பி, விசுக்குனு பக்கத்துல வந்து நின்னு, ஏறுறவங்க ஏறிக்கோங்க, பத்து வருஷத்துல தரையில இறக்கி விடுறோம்ங்குறீங்க. முன்னே வந்த காதை விட பின்னே வந்த கொம்பு பெருசுன்னு சும்மாவா சொன்னாங்க. மாட்டை நாங்க யாரும் பாத்ததில்ல, அது வேற விஷயம். பழமொழிக்கு எடை கிடையாதுல்ல, அது மட்டும் கூடவே ஏறி வந்துடுச்சு.

சிரிங்க, சிரிங்க. நேத்து எலும்பைப் படம் புடிக்கும்போது மூஞ்சியை எப்படி வச்சிருந்தீங்க!

சுவத்துல இருக்குற அந்தப் படமா? அது மழைப் பாடத்துல எடுத்தது. முன்னாடி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது பாருங்க, அது தான் என் வாலு. வருஷம் ஒரு தடவை பள்ளிக்கூடத்துப் பசங்களை எங்க சலவைக்கூடத்துக்குக் கூட்டிட்டு வருவாங்க. என்னிக்காவது எங்க வம்சத்துல யாராவது இறங்குவாங்க, மழை பெய்யும், மிரண்டு ஓடக்கூடாது பாருங்க. மழை என் பொறுப்பு. முதல்ல மணி அடிப்பேன். பசங்க வரிசையா வந்து நிப்பாங்க. துணி அலசுற குழாய் மேல இருக்கும், அதைத் திறப்பேன். பாதி திருகினா தூறல், முழுசா திருகினா அடைமழை. இவளை வீட்டுல குளிக்கக் கூப்பிட்டா காத தூரம் ஓடுவா. அங்க நான் குழாயை மூடின பிறகும் நகர மாட்டா.

என்னது, மணி அடிக்காதா? சொல்லாம கொள்ளாமயா வந்து பெய்யும்? அப்போ காயப்போட்ட துணி என்ன ஆகுறது? ஓடிப்போய் எடுக்கணுமா! நல்லா இருக்கே கூத்து.

சில்லுன்னா இருக்கும்? அய்யய்யோ. நான் வெந்நீரைல்ல விட்டுக்கிட்டு இருக்கேன். எங்க அம்மாவும் வெந்நீர் தான் விட்டாங்க, அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் அதே தான். கறை போகணும்ல, எங்க குழாயில வேற தண்ணி வராது. மழையைக் கொண்டுபோய் சலவைக்காரி கையில குடுத்தா வேற என்ன ஆகும்! தம்பி, இதை அவகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. மணி அடிக்கட்டும்னு நின்னு தொப்பலா நனையப் போறா.

ஆங், இன்னொன்னு. உங்க கப்பல்ல சத்தமே இல்லையாமே. இங்க காதைத் தீட்டிக் கேளுங்க. ம்ம்ம்னு ஒரு இரைச்சல். அதே தான். எங்களுக்கு அது தான் தாலாட்டு. ஒரு தடவை பழுது பாக்கன்னு எஞ்சினை நிறுத்துனாங்க, கைக்குழந்தையிலேர்ந்து கிழவன் வரைக்கும் எழுந்து உக்காந்து அழுதோம். எங்களுக்குச் சத்தம் நின்னா மூச்சு நின்ன மாதிரி. அதனால அவ படுக்குற பக்கம் ஏதாவது ஒரு மோட்டாரை ஓட விடுங்க. இல்லைன்னா நீங்களே பக்கத்துல உக்காந்து ம்ம்ம்னு சொல்லுங்க. வெக்கப்படாதீங்க, மூக்கால சொல்லணும். இன்னும் கொஞ்சம் கீழ. பரவால்ல, தேறிடுவீங்க.

அவங்க அப்பாவா? போய்ச் சேர்ந்துட்டாரு. பயிர்க்கூடத்துல மூணாவது பாத்தி. எங்க வழக்கம் அது, யாரையும் வீணாக்குறதில்ல. இருந்த காலத்துல ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினதில்ல மனுஷன், இப்ப தக்காளி அந்தப் பாத்தியில தான் கொத்துக் கொத்தா காய்க்குது. நல்ல மனுஷன் தம்பி. இன்னிக்கு அவர் பக்கத்துல இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

எங்க, லேசுல சம்மதிச்சாளா? முதல்ல கட்டில் காலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரே அழிச்சாட்டியம். நான் போகலைன்னா நீ என்ன பண்ணுவேன்னு கேக்குறா. அப்புறம் எப்படியோ சரிக்கட்டிட்டேன்.

எப்படின்னா கேக்குறீங்க? அதைச் சொல்லத்தான் உங்களை உக்கார வச்சேன். உங்க வேகத்துக்கு என் முதுகெலும்பு தாங்காது, நான் ஏற முடியாதுன்னு நேத்து சொன்னீங்கள்ல. அதை நான் அவகிட்ட சொல்லல. ரெண்டு பேரும் தேறிட்டோம், சேர்ந்தே போறோம்னு சொல்லி வச்சிருக்கேன். என் பையையும் அவ தான் அடுக்கினா, பாவம். எனக்குக் குளிரும்னு போர்வையை மேல வச்சிருக்கா.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. இங்க இருந்தா அவளும் என்னை மாதிரி குழாயைத் திறந்து மூடிக்கிட்டே கிழவி ஆயிடுவா. அதை என்னால பாக்க முடியாது. உங்க கதவு மூடினதும் நீங்களே சொல்லிடுங்க. அம்மா ஏமாத்திட்டான்னு நேராவே சொல்லுங்க, பூசி மெழுக வேண்டாம். கத்துவா. கடிச்சாலும் கடிப்பா, கையை எட்ட வச்சுக்கோங்க. ரெண்டு வேளை சாப்பிட மாட்டா. கெஞ்சாதீங்க. தட்டைப் பக்கத்துல வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கோங்க. மூணாவது வேளை தானா எடுத்துச் சாப்பிடுவா.

கண்ணைத் தொடைங்க, வந்துட்டா.

வா வா, மகாராணி! டாக்டர் மாமா எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்காரு பாரு. அழலடி, சோப்புக் கையோட கண்ணைத் தேச்சுட்டாரு. சரி, நேரமாச்சு. ரெண்டு பையையும் நீயே எடுத்துக்கிட்டு மாமா கூட முன்னாடி நட. நான் குழாயை மூடிட்டு இதோ பின்னாடியே வர்றேன்.