ஞாயிற்றுக்கிழமை பிறக்காத குழந்தைகள்

— குட்டையான அம்மாவுக்குக் குட்டிக் குழந்தை. இதைச் சொல்ல கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கு மாடல் வேணுமா, கணக்கம்மா? சரி, அம்மாக்களோட உயரத்தைச் சேர்த்துட்டியா?

— சேர்த்துட்டேன் சார்.

— இப்ப குறைஞ்சிருக்குமே.

— கூடியிருக்கு சார்.

— எது, எடையா?

— நம்ம மேல இருக்கிற பழி.

— நான் என்ன சொல்றேன்னா, நிதானமா சொல்லு. நாளைக்கு விசாரணைக் குழு வருது. ஆஸ்பத்திரி நிர்வாகின்னு நான்தான் அவங்க முன்னாடி போய் உக்காரணும். எனக்குப் புரிஞ்சாத்தானே அவங்களைக் குழப்ப முடியும்.

— இங்க பிறக்கிற குழந்தைங்க எதிர்த்தெரு ஆஸ்பத்திரிக் குழந்தைங்களைவிட எடை கம்மி. அதானே புகார்? அம்மாக்களோட உடல்வாகுதான் காரணம்னு நீங்க பதில் எழுதிட்டீங்க. அது நிஜம்னா, ஒரே உயரமுள்ள அம்மாக்களா எடுத்து ரெண்டு ஆஸ்பத்திரியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா வித்தியாசம் சுருங்கணும். வச்சுப் பார்த்தேன். விரிஞ்சிடுச்சு.

— அதெப்படி விரியும்?

— நம்மகிட்ட வர்றவங்கதான் சார் உயரம். சின்ன வயசுலேர்ந்து நல்லாச் சாப்பிட்டு வளர்ந்தவங்க. நியாயமாப் பார்த்தா அவங்களுக்குத்தான் பெரிய குழந்தை பிறக்கணும்.

— எதிர்த்தெருவுல மழை பேஞ்சா வார்டுக்குள்ள வாளி வைப்பாங்க. அங்க பொறக்கிறது கொழுகொழுன்னு இருக்குங்கிறியா?

— இருக்கு சார்.

— அப்ப உடம்பு எடையைச் சேரு. இந்தக் காலத்துப் பொண்ணுங்க காத்தடிச்சாப் பறந்துடுவாளுங்க.

— சேர்த்தேன். ரத்த அளவு, வயசு, எத்தனையாவது பிரசவம், எல்லாமே சேர்த்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தவங்களைத் தனியா எடுத்து வச்சுட்டேன். ஒண்ணொண்ணாச் சேர்க்கச் சேர்க்க அம்மாக்கள் ஒவ்வொருத்தரா விடுதலை ஆகி வெளியே போறாங்க சார். நாமதான் உள்ள போயிட்டே இருக்கோம்.

— கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கே. நான் என்ன சொல்றேன்னா, குணத்தைச் சேர்த்தியா?

— எந்தக் குணம் சார்?

— கோபம், பிடிவாதம். கர்ப்பத்துல சிடுசிடுன்னு இருந்தா குழந்தை வளருமா? பெரிய டாக்டரம்மா கேஸ் சீட்டுல எழுதுவாங்களே, 'ஒத்துழைக்கவில்லை'ன்னு. அதை எடுத்துப் போடு.

— நீங்க போன வாரமே சொன்னீங்க, போட்டுப் பார்த்தேன். அவங்க குழந்தைங்கதான் சார் இங்கயே நல்ல எடை.

— ஒத்துழைக்காதவங்க குழந்தைங்களா?

— ஆமா சார். எனக்கும் விளங்கல. நாலஞ்சு பேருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுக் குடுத்ததும், வலியே இல்லாம எதுக்குன்னு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருக்காங்க. வலி வந்தப்புறம்தான் திரும்பி வந்திருக்காங்க. அதுக்குப் பேருதான் ஒத்துழைக்காதது.

— அதனால?

— அதனால மத்தவங்களுக்குக் குறிச்ச நாளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பிரசவம் குவிஞ்சு கிடக்கு. சனிக்கிழமை ஒண்ணு ரெண்டு. ஞாயித்துக்கிழமை நம்ம ஆஸ்பத்திரியில குழந்தையே பிறக்கிறதில்ல சார்.

— நல்ல விஷயம்தானே. அன்னைக்கு டாக்டருங்க லீவு.

— டாக்டருங்க லீவுங்கிறது வயித்துல இருக்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்? நாமதான் முன்கூட்டியே எடுத்துடறோம். சிலதை ரெண்டு வாரம், சிலதை மூணு வாரம் முன்னாடி. கடைசி வாரங்கள்லதான் சதை போடும். நுரையீரல் பழுக்கும்.

— அப்ப எத்தனை வாரம் வயித்துல இருந்துச்சுங்கிறதையும் மாடல்ல சேர்த்துட்டா என்ன ஆகும்?

— வித்தியாசமே மறைஞ்சிடும் சார்.

— பார்த்தியா! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? சேர்த்துடு.

— அது அம்மாவோட தன்மை இல்லையே சார். நாம குறிக்கிற தேதி. அதையும் சேர்த்தா, திருடனையே கூட்டிட்டு வந்து திருட்டைக் கணக்குப் பார்த்த மாதிரி.

— குழந்தை யாரு வயித்துல இருந்துச்சு? உன் வயித்துலயா, என் வயித்துலயா? அம்மா வயித்துலதானே. அப்ப வாரமும் அம்மாவோடதுதான்.

— புகார் குடுத்த அம்மாவை நீங்க பார்த்திருக்கீங்களா சார்?

— ஃபைல்ல பார்த்தேன்.

— இன்குபேட்டர் அறைக்கு வெளியே உக்காந்திருக்காங்க. என்னைவிட ஒரு சாண் உயரம். அவங்க குழந்தை இன்னும் மூச்சுக்குத் திணறிக்கிட்டிருக்கு. நான் கணக்குப் பார்க்கிறவள்னு யாரோ சொல்லியிருக்காங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, உடல்வாகுன்னு எழுதியிருக்காங்களே, நான் எதைச் சாப்பிடாம விட்டேன்னு கேட்டாங்க. மாமியார் அவங்ககூடப் பேசறதையே நிறுத்திட்டாங்களாம்.

— நீ என்ன சொன்ன?

— உங்ககிட்டப் பேசிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

— அதானே, நீ பொறுப்பான பொண்ணு. நான் என்ன சொல்றேன்னா, குழுவுக்கு முன்னாடி வாரத்தைச் சேர்த்த மாடலை வை. ஒரு கையெழுத்துப் போடு. குழு போகட்டும், வெள்ளிக்கிழமை விஷயத்தை நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்.

— ரெண்டு மாடலையும் பக்கத்துப் பக்கத்துல வைப்பேன் சார். எது எதுக்குன்னு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுவேன்.

— உனக்கு இது எத்தனாவது மாசம்?

— எட்டு.

— பாரு, இந்த நேரத்துல இவ்வளவு டென்ஷன் ஆகாது. ஊழியர்னு உனக்குத் தனி அறை போடச் சொல்றேன். நானே பெரிய டாக்டரம்மாகிட்டப் பேசறேன். உன் வீட்டு மனுஷனா நினைச்சுக்கோ.

— நான் எதிர்த்தெருவுல பேர் பதிஞ்சுட்டேன் சார்.

— என்னது?

— நேத்துத்தான் பதிஞ்சேன்.

— நல்லா இருக்கும்மா. உப்பிட்ட வீட்டுக்கே ரெண்டகம். இங்க வேலை பார்க்கிறவளே வாளி வைக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடினா, வெளியாள் நம்மளை எப்படி நம்புவான்? எல்லாம் அந்த மாடல் சொல்லித்தானே?

— மாடலைப் பார்த்துக்கூட நான் முடிவெடுக்கல சார். நம்ம இடமாச்சேன்னு மனசு அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. சும்மா விசாரிச்சுட்டு வரலாம்னுதான் போனேன்.

— அப்புறம் யாரு உன் மனசைக் கலைச்சது?

— அங்க பெஞ்சுல என் பக்கத்துல உங்க பொண்ணு உக்காந்திருந்துச்சு சார். பிரசவத்துக்கு எங்க வேணா போய்க்கோ, நம்ம ஆஸ்பத்திரி மட்டும் வேண்டாம்னு அப்பாதான் அனுப்பி வச்சாருன்னு சொல்லிச்சு.