முகமறியா அதிகாரி

பூதலூரில் தொடர்வண்டி ஏறி எனக்கு எதிரே அமர்ந்த உழவர், உடன் ஏறிய பெண்மணியிடம் தம் பாதத்தை நீட்டிக் காட்டினார். அந்த அம்மையார் உழவரின் வரிக்கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர்; தஞ்சையிலுள்ள தம் அலுவலகத்துக்குப் போகிறவர்.

“பேங்க்ல போட்டது நெல்லு வித்த பணந்தானான்னு இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வந்துருக்கே, ஆபீசர் இல்லன்னு எழுதிட்டா வரி கட்ட நிலத்தத்தான் விக்கணும். இன்னைக்கு ஆபீசர் முன்னாடி போயி நிக்கறேன். இந்தச் சேத்துப்புண்ணப் பாத்தா நம்பிடுவாருல்ல, ஆடிட்டரம்மா?”

“நேர்ல யாரும் பாக்க மாட்டாங்கண்ணே. நீங்க நெல்லு போட்டதுக்கு வி.ஏ.ஓ. குடுத்த அடங்கல், வித்ததுக்குக் கொள்முதல் ரசீது எல்லாம் கம்ப்யூட்டர்ல அனுப்பியாச்சு. எங்கயோ ஒரு ஊர்ல உக்காந்து ஒருத்தர் பாக்கறாரு. அவரு யாருன்னு எனக்கே தெரியாது.”

“அப்ப இந்தப் புதுவேட்டி வீணா?”

தஞ்சை நெருங்குகையில் அம்மையாரின் அலைபேசி ஒலித்தது. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏத்துக்கிட்டாங்கண்ணே. வரி இல்ல.”

உழவர் நீட்டியிருந்த காலை இழுத்துக்கொண்டார்.

“என்னப் பாக்காமலேயா நம்பிட்டாரு?” என்றார் தாழ்ந்த குரலில். “அவரு எந்தத் திசையிலம்மா இருக்காரு?”

“தெரியலண்ணே.”

ஓடும் வண்டியில் அவர் எழுந்து, கால்களை ஊன்றி நின்று, நான்கு திசைக்கும் தனித்தனியே கைகூப்பினார். எதிரே இருந்த எனக்கும் அவற்றுள் ஒன்று வந்து சேர்ந்தது.