குதிகால் இறங்கினா குள்ளமாயிடுவேன்

...அதெல்லாம் முடியாது மாமா. மேசைமேல ஏற மாட்டேன். இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு இப்படியே நிப்பேன். உங்க மாவுக்கட்டை வேற யாருக்காவது போடுங்க.

பெரிய டாக்டர் சொல்லிட்டாங்கன்னா ஆச்சா? கெண்டைக்கால்ல எதையோ பூசி... சில்லுன்னு, சீ!... ஸ்கேன் பாத்துட்டு அம்மாகிட்ட ஒரே புகார். பொறக்கும்போது மூளைல பட்ட அடி அதுக்கப்புறம் கூடலையாம், கால் தசைதான் மாறிக்கிட்டே போகுதாம். எலும்பு வளர்ற வேகத்துக்கு அது வளரலையாம். தசை குறைஞ்சு, நடுவுல நார் நாரா ஏதோ ஏறி விறைச்சுக்கிச்சாம். அதான் குதிகால் தரைல படலையாம். படலேன்னா போகட்டுமே! தரை என்ன அழுதுச்சா?

வெளிய பெஞ்சுல ஒருத்தன் பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கானே, அவன் என் தம்பி. ரெட்டைல ரெண்டாவதா வந்தவன். ஓட்டம், சைக்கிள், மரமேறுறது, எல்லாம் அவனுக்குத்தான். ஆனா உசரத்துல நான் ஒரு விரக்கடை ஜாஸ்தி. நுனிக்கால்ல நிக்கிறேன்ல! எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் மாமா. அதையும் நீங்க இறக்கி விட்டுட்டா? குட்டின்னு கூப்பிடுவான். அதுக்கு ஆபரேஷனே மேல்.

ஆமா... இந்தக் கட்டுக்கும் சரியாகலேன்னா கத்திதானாம். பயமெல்லாம் இல்ல. கொஞ்சம்... கொஞ்சம்தான்.

போன தடவை கட்டுப் போட்டு இறங்கின குதிகால் எப்படி மறுபடி ஏறிச்சா? அதை ஏன் கேக்குறீங்க... குதிகால் மறுபடி ஏறாம இருக்க, ராத்திரி கால்ல மாட்டிக்கச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் கூடு குடுத்தாங்கல்ல? அம்மா மாட்டி விட்டுட்டுப் போனதும் கழட்டி, அதுல என் பொம்மையப் படுக்க வச்சுடுவேன். அம்மா எழுந்திரிக்கிறதுக்குள்ள திரும்ப மாட்டிப்பேன். பொம்மைக்குக் குதிகால் ஜோரா இறங்கியிருக்கு! சிரிக்காதீங்க!

கண்ணாடில என்ன பாக்கணும்? முட்டியா? மடங்கியிருக்கு. எப்பவும் அப்படித்தானே.

என்னது? கெண்டைக்கால் தசை முட்டிக்கு மேலேருந்து வருதா? அது விறைச்சா முட்டியையும் பிடிச்சு மடக்குதா? அப்போ... குதிகால் குடுக்கிற உசரத்தவிட முட்டி திருடுறது ஜாஸ்தியா!

ஐயையோ... ஒழுங்கா மாட்டியிருந்தா இந்நேரம் நான்...

ஏன் மாமா சும்மா நிக்கிறீங்க? தூக்கி மேசைல உக்கார வைங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க. ரெண்டு காலுக்கும்! இருங்க, முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க. கட்டுப் போட்டா உசரமாகலாம்னு அவன் காதுல விழுந்துச்சுன்னா, எனக்கும் ஒரு கட்டுப் போடுங்கன்னு வந்து நிப்பான்.