வஹீதாவின் பசைக் கலவை

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் நூரித்தீன் அவர்களே, குழு உறுப்பினர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரின் செருப்புப் பட்டறைச் சகோதரிகளே!

டாக்டர் வஹீதா கம்மூன் மறைந்து இன்று நாற்பதாம் நாள். நம் வேதியியல் ஆய்வகத்தில் அவருக்கு எதிர் மேசையில் பதினெட்டு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டே வந்தேன். இங்கே இவ்வளவு பெரிய மலர்வளையங்களைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. வயிறு எரிகிறது!

அவர் என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பட்டம் கேட்டாரா? பசையில் கலக்கும் கரைப்பான் இந்தப் பெண்களின் கால் நரம்பைத் தின்கிறது, அதை மாற்றுவோம் என்றார். நாலாயிரம் கலவைகளைக் குடுவையில் ஊற்றிப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. வஹீதா அவற்றைக் கணினிக்குள் கலந்தார். எந்த மூலக்கூறு எதோடு சேரும், எது முதலில் ஆவியாகும் என்று கணக்குப் போட்டே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஆய்வகத்தில் அது அபாரமாக ஒட்டியது. பட்டறையிலோ பசை வெள்ளை பூத்து, செருப்பெல்லாம் வாயைப் பிளந்தது!

சிரித்தோமே! "கம்ப்யூட்டர்ல சமைச்சதைக் கம்ப்யூட்டரே சாப்பிடட்டும்" என்று இந்த மேடையில் இருக்கும் ஒருவர் சொன்னார். பெயர் சொல்லட்டுமா, இயக்குநர் அவர்களே?

வஹீதா பட்டறைக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், பசை தடவிக்கொண்டிருந்த மப்ரூக்காவின் கையைப் பிடித்தார்.

"இப்ப என்ன பண்ணீங்க, அக்கா?"

"சீக்கிரம் காயட்டும்னு ஊதினேன். எல்லாரும்தான் ஊதுறோம். ஏன், அதுக்கும் தடை போடப்போறீங்களா?"

"ஐயோ, உங்க மூச்சை நான் கணக்குல சேர்க்கவே இல்லையே!"

மூச்சில் ஈரம் இருக்கிறது. கலவை சட்டென்று ஆவியாகிப் பசையைக் குளிரவைக்க, அந்த ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. "ஊதக் கூடாதுன்னு சொல்லிடுறேன்" என்றார் பட்டறை முதலாளி. "நீங்க சொல்லுவீங்க, அவங்க ஊதுவாங்க. கலவையை மாத்தறது என் வேலை" என்றார் வஹீதா. ஈர மூச்சையும் சேர்த்து மூன்று வாரம் கணினியை ஓட்டினார். மெதுவாக ஆவியாகும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் போதும் என்று விடை வந்தது. அந்தப் பசை ஊத ஊத ஒட்டியது! அறுபது ஜோடியில் ஒன்றுகூடப் பிரியவில்லை.

பிறகு? பிறகென்ன, கோப்பு! நம் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பட்டறையும் அதை வாங்க முடியாது. "முதல் சோதனை தோல்வி, ஆகவே ஒத்திவைக்கப்படுகிறது" என்று ஒரு வரி எழுதி மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். பதினான்கு மாதம்! நோய்ப்படுக்கையிலும், "கோப்பு நகர்ந்துச்சா?" என்றுதான் என்னைக் கேட்டார். "நகர்ந்துடுச்சு" என்று பொய் சொன்னேன். அந்த மூன்றாவது கையெழுத்து என்னுடையது. இயக்குநரைப் பகைத்துக்கொள்ளப் பயந்து போட்டேன். அதை அவரிடம் கடைசிவரை மறைத்தேன். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

மப்ரூக்கா முன்வரிசையில் இருக்கிறார். இரண்டு பேர் தாங்கித்தான் இன்று அழைத்து வந்தார்கள். அவருடைய மகள் அதே இடத்தில் உட்கார்ந்து அதே பழைய பசையை ஊதிக்கொண்டிருக்கிறாள்.

வஹீதாவின் பணியைத் தொடர உறுதி எடுக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. வாயால் எடுக்கும் உறுதி யாருக்கு வேண்டும்? கோப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். என் பழைய கையெழுத்தை அடித்துவிட்டு, ஒப்புதல் என்று எழுதிப் புதிதாகக் கையெழுத்திட்டுவிட்டேன். இன்னும் இரண்டு இடம் காலி. அவருக்காகப் பாத்திஹா ஓதிப் பிரார்த்திக்க எல்லோரும் எழுந்து நிற்கப்போகிறோம். நீங்கள் உட்காருங்கள், இயக்குநர் அவர்களே. முதலில் கையெழுத்துப் போடுங்கள்.