கரைப் பக்கத்து ஆணி

இந்தப் பக்கத்தில் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதல் நாள் நீங்களும் சிரித்தீர்கள், இன்ஸ்பெக்டர். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பாலாற்றில் மணலைத் தவிர வேறெதையும் அதிகம் பார்க்காத ஊர்க்காரர்கள் நாம். ஆனால் ஒடுகத்தூருக்கு மேலே மலையடியில் இருக்கிற நீர்த்தேக்கம், ஐப்பசி மழை ஒழுங்காகப் பெய்தால் கார்த்திகையில் நிரம்பிவிடும். மாசி வரை தண்ணீர் நிற்கும். மதியத்துக்கு மேல் காற்றும் வரும். அந்த மாதங்களில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் அங்கே படகு விட்டார்கள். ஆளுக்கு ஒரு படகு, படகுக்கு ஒரு பாய்.

தோல் பதனிடும் ரசாயனம் விற்கிற யாசிர்தான் சென்னையில் இதைப் பார்த்துவிட்டு வந்து, பழைய படகுகளை வாங்கிச் சங்கம் ஆரம்பித்தவர். என் மகன் நவநீதன் அதில் ஒருவன். அவனுடைய பள்ளித் தோழன் சம்பத் இன்னொருவன். எனக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறியதே இல்லை. ஆனாலும் கரைப் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஏன் என்று சொல்ல வேண்டும்.

என் பெயர் ஏகாம்பரம். வயது எழுபத்தொன்று. ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் தோலைத் தரம் பிரித்தேன். மேஜையில் விரித்த தோலை வெளிச்சத்தில் பார்த்து, முதல் தரமா, இரண்டாவதா, மூன்றாவதா என்று சாக்குக்கட்டியால் ஒரு குறி போட வேண்டும். நான் போட்ட குறியை வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்கள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் அதே மேஜையில் என் தகப்பனார் நின்றார். சொந்த மாப்பிள்ளை கொண்டுவந்த சரக்கை மூன்றாம் தரம் என்று தள்ளியவர் அவர். என் அக்கா இரண்டு வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான் என்று பேரணாம்பட்டு வரைக்கும் பேச்சு. பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் வருவது உங்களுக்குப் புரிய வேண்டும்.

கரைப் பொறுப்பு என்றால் இதுதான். தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு தொலைநோக்கி, ஒரு விசில். பக்கத்தில் ஒரு பலகை. பலகையில் இரண்டு வரிசை ஆணிகள். ஒன்றுக்கு மேலே ‘தண்ணீர்’ என்றும் மற்றதற்கு மேலே ‘கரை’ என்றும் எழுதியிருக்கும். ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த ஒரு தோல் பட்டை. நானே வெட்டிக் கொடுத்தவை. படகில் ஏறுமுன் பட்டையைத் தண்ணீர்ப் பக்கத்து ஆணியில் மாட்ட வேண்டும். திரும்பியதும் கரைப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு பட்டை தொங்கினாலும், கவிழ்ந்தவர்களைத் தூக்கிவர நிற்கிற மோட்டார் படகைக் கட்டிவிட்டு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

அவரவர் பட்டையை அவரவர்தான் தொட வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு. சில நாள் காற்று சாய்ந்து அடித்தால் எதிர்க்கரையில் ஒதுங்கிவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். அப்போது அவர்கள் பட்டையை நான் மாற்றுவேன். சம்பத் அடிக்கடி அப்படிச் செய்வான். அவன் வண்டி அந்தப் பக்கம்தான் நிற்கும். போனும் அதில்தான் இருக்கும்.

சம்பத்தைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆம்பூரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தான். வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் எல்லாக் கம்பெனி வாசலிலும் அவனுக்கு ஆள் உண்டு. எதையும் கதையாக்கிச் சொல்லுவான். அவன் சொன்னால் டீக்கடையே சிரிக்கும். ஒருவன் வீட்டில் காலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் மாதனூரில் தெரிந்துவிடும். கெட்ட எண்ணம் கிடையாது. அவன் சுபாவம் அப்படி.

தை மாதம் கடைசி ஞாயிறு, கடைசிப் பந்தயம். வருஷக் கோப்பை அன்றைக்கு. கோப்பை என் தகப்பனார் பெயரில் நான் கொடுத்தது. நவநீதனும் சம்பத்தும் சமமாக இருந்தார்கள். யார் முந்துகிறானோ அவனுக்கு.

கிளம்பும்போது உயிர்காப்புச் சட்டை சம்பத்துக்குச் சேரவில்லை. எப்போதும் சேராது.

“இன்னா யாசிரு, இத உன் பையனுக்கு வாங்குனியா? ரெண்ட சேத்து தச்சாதான் என் வயித்துக்கு வரும்” என்றான்.

“வயித்த கம்மி பண்ணு தோஸ்த். சட்டைய ஜாஸ்தி பண்ண முடியாது” என்றார் யாசிர்.

சம்பத் சிரித்துக்கொண்டே ஒரு தோல் வாரை எடுத்துக் கொக்கிகளுக்கு நடுவே கோத்து முடிச்சுப் போட்டான். “அப்பா, முடிச்சு பாஸா? ரிஜெக்டா?” என்று என்னைக் கேட்டான். நனைந்த தோல் வார் இளகும். முடிச்சு நழுவும். அங்கே நின்ற அத்தனை பேரும் தோலில் பிழைக்கிறவர்கள்தான். அத்தனை பேருக்கும் அது தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்கு மணிக்கு விசில் ஊதினேன். மூன்று மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். மிதவை என்றால் சிவப்புப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பீப்பாய். இந்த விளையாட்டில் தண்ணீருக்குள் நடுவர் கிடையாது. மிதவையைத் தொட்டுவிட்டால், தொட்டவனே படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சுற்றாவிட்டால் பந்தயத்திலிருந்து தானே விலக வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் அப்படித்தான். இந்த விதியைக் கேட்ட அன்றைக்குத்தான் கோப்பை கொடுக்கிறேன் என்று நான் சொன்னது. எங்கள் வீட்டுக்கு ஏற்ற விளையாட்டு என்று நினைத்தேன்.

கடைசி மிதவையில் நவநீதன் தொட்டான். தொலைநோக்கியில் தெளிவாகப் பார்த்தேன். படகின் பின்பக்கம் இடித்து, பீப்பாய் ஒரு ஆட்டம் ஆடியது. அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு நேராக வந்தான். சுற்றவில்லை.

பின்னால் இருபது முழத்தில் சம்பத். காற்று கரையை நோக்கி அடித்ததால் அவன் குரல் எனக்குக் கேட்டது. “டேய் நவநீ, தொட்டுட்டடா. சுத்துடா டேய்.” பிறகு ஒரு சிவப்புத் துணியை எடுத்துக் காட்டினான். ஆட்சேபம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சொல்லும்போதே சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குக் கேட்டது.

அப்போது எனக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக் காலையில் அவன் ஆபீஸ் வாசலில் லாரி டிரைவர்கள் சூழ நின்று, பெரியவர் கொடுத்த கோப்பையைப் பெரியவர் மகனே எப்படி எடுத்தான் என்று நடித்துக் காட்டுவான். என் தகப்பனார் பெயர் அதில் வரும்.

இரண்டு நிமிஷம் இருக்காது. காற்று மலைப்பக்கம் திரும்பி ஒரே அடியாக அடித்தது. ஒரு கையில் துணியை வைத்திருந்தவனால் பாயைத் தளர்த்த முடியவில்லை. சம்பத்தின் படகு கவிழ்ந்தது. மற்ற மூன்று பேரும் அதற்கு முன்பே எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தார்கள்; நவநீதனும் தாண்டிக் கரையை நோக்கித் திரும்பியிருந்தான். யாரும் பின்னால் பார்க்கவில்லை. கவிழ்ந்த படகு தண்ணீரில் முங்கிய கருவேல மரங்கள் இருக்கிற, நீர்த்தேக்கத்தின் கடைசிக் கோடிக்கு ஒதுங்கிக்கொண்டே போனது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினான். கரையிலிருந்து வெறும் கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளிதான். தொலைநோக்கி என்னிடம் இருந்தது.

நான் எழுந்து பலகைக்குப் போனேன். சம்பத்தின் பட்டையை எடுத்துக் கரைப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்.

முதல் தடவை ஆணியில் விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது.

நான்கு பேரும் வந்து தங்கள் பட்டைகளை மாட்டினார்கள். மோட்டார் படகு ஓட்டுகிற ஜான் பாஷா வந்து கேட்டான். “நைனா, எல்லாம் வந்துட்டாங்களா? சம்பத்து அண்ணன் எங்க?”

“பலகையைப் பார்” என்றேன்.

பார்த்தான். “ஓ, அந்தாண்ட எறங்கிட்டாரா. சரி சரி” என்று அவனே சொல்லிக்கொண்டான். பெட்ரோல் கேனைக் கழற்றப் போனான். எதிர்க்கரையில் இறங்கினான் என்று நான் சொல்லவில்லை. போன் வந்தது என்றும் சொல்லவில்லை. அவனைக் கேளுங்கள், இதையேதான் சொல்வான்.

நவநீதன் ஈரத்தோடு வந்தான். மேஜையில் இருந்த முடிவுத்தாள் ஒன்றை எடுத்து நின்றபடியே ஏதோ எழுதினான். நான்காக மடித்து என்னிடம் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்பா, படிச்சுட்டு ராத்திரி அங்க ஒழுங்கா சொல்லிடுங்க. சம்பத்து கிட்ட நானே பேசிக்கிறேன்” என்றான். யாசிரின் காரில் மற்றவர்களோடு ஆம்பூருக்குப் போய்விட்டான். அங்கே யாசிரின் கிடங்கில்தான் கோப்பை கொடுப்பதாக ஏற்பாடு.

தாளைப் பிரித்தேன். ‘கடைசி மிதவையைத் தொட்டேன். சுற்றவில்லை. பந்தயத்திலிருந்து விலகுகிறேன். சம்பத்துக்குத்தான் கோப்பை. நவநீதன்.’

அப்போது மணி ஐந்து ஐந்து. நல்ல வெளிச்சம். ஜான் பாஷா பத்தடி தூரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தொலைநோக்கியில் பார்த்தேன். சம்பத் இன்னும் படகைப் பிடித்துக்கொண்டிருந்தான். சட்டை மார்பை விட்டு மேலே ஏறிக் கழுத்துக்கு வந்திருந்தது. வார் இளக ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. அரை மணி தாங்கும் என்று கணித்தேன். என் கணிப்பு அதிகம் தவறாது.

ஒரு விசில் போதும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்க நினைப்பது அதுதான். நானும் விசிலை வாயில் வைத்தேன். ஆனால் விசில் ஊதினால் ஜான் பாஷா பலகையைப் பார்ப்பான். கரைப் பக்கத்து ஆணியில் பட்டை எப்படி வந்தது என்று கேட்பான். சம்பத்தும் பிழைத்து வந்து அதைப் பார்ப்பான். முப்பத்தெட்டு வருஷம் குறி போட்ட கை பொய்யாக ஒரு பட்டையை மாட்டியது என்று ஊர் சொல்லும். மகன் செய்ததாவது ஒரு சின்னத் தப்பு. அதை அவனே எழுதியும் கொடுத்துவிட்டான். என்னுடையதற்கு என்ன சொல்வது?

விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். தாளையும் போட்டேன். ஜான் பாஷா ஆட்டோவில் என்னை ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். கணியம்பாடியில் தன் மச்சான் கல்யாணத்தைப் பற்றி. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

அன்றைக்கு யாரும் கோப்பை வாங்கவில்லை. ஏழு மணிக்குச் சம்பத்தின் மனைவி சோபனா போன் செய்து, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள். மறுநாள் காலையில் மீன் குத்தகைக்காரர்கள் கருவேல மரத்தடியில் அவனைக் கண்டார்கள். சட்டை தனியாக மிதந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவன் போனிலிருந்து அழைப்பு எதுவும் போகவில்லை என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். பட்டையை மாட்டியது யார் என்று கேட்டீர்கள். நான் பேசவில்லை. நவநீதன் உங்களிடம் மிதவையைத் தொட்டதையும், சம்பத் கத்தியதையும், விலகல் எழுதிக் கொடுத்ததையும் சொன்னான். அப்படி ஒரு தாள் யாரிடமும் இல்லை என்றதும், அவன்தான் பட்டையை மாட்டியிருப்பான் என்று நினைத்தீர்கள். ஊரும் அப்படித்தான் பேசுகிறது.

மூன்று வாரமாக எனக்கு ஒரே பயம். ஜெயிலுக்குப் பயமில்லை. தினமும் சாப்பிட உட்காரும்போது அவன் வந்து சமையலறை நிலையில் சாய்ந்து நிற்கிறான். முதல் வாரம், “அப்பா, நான் குடுத்த தாள் எங்க?” என்று கேட்டான். இரண்டாவது வாரம், “படிச்சீங்களா?” என்று கேட்டான். படித்தேன் என்றேன். எங்கள் வீட்டில் பொய் சொல்வதில்லை. முந்தாநாள் வேறு ஒன்று கேட்டான்.

“எப்பப்பா படிச்சீங்க?”

சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். அவன் போகவில்லை. நிலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தான். அவனும் பயந்துபோயிருந்தான் என்று அப்போதுதான் பார்த்தேன். அவன் பயந்தது உங்களைப் பார்த்து அல்ல. அதனால்தான் இன்றைக்கு நானே வந்தேன்.

பட்டையை மாட்டியவன் நான். சாகட்டும் என்று, தெரிந்தே மாட்டினேன். தெரிந்தே விசில் ஊதாமல் இருந்தேன். என் மகனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தத் தாளைத் தேட வேண்டாம். இன்று காலையில் அடுப்பில் போட்டுவிட்டேன். ஒரு சாவின் துக்கத்தில் அவன் உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

படித்துப் பார்த்துவிட்டேன். மேலே நவநீதன் மிதவையைத் தொட்டதாக எழுதியிருக்கிற வரிகளை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் உண்மை. கையெழுத்துப் போடுகிறேன்.